புளிக்காத பீப்பா

மாத்தளையில் அச்சாறு விற்ற பதுர்தீன் ஐந்து வேளையும் தொழுகிறவர். சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். அப்பேர்ப்பட்டவரின் பிழைப்பு ஒரு ஒயின் பீப்பாவை நம்பி ஓடியதுதான் வேடிக்கை.

உலக யுத்தத்துக்குப் பிறகு எல்கடுவ மலையடிப் பள்ளத்தாக்கில் சில ஜெர்மன் குடும்பங்கள் குடியேறித் திராட்சை நட்டன. மழையையும் பூஞ்சணத்தையும் பார்த்து ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போக, வெண்டல் துரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஊர்ப் பேச்சு கொழும்பிலிருந்து வந்த ஜெர்மன் அதிகாரிக்கே விளங்கவில்லை. தோட்டத்தில் அவரிடம் வேலை பார்த்த முத்துவீரனுக்கு விளங்கியது. எந்த வேலையைத் தொடங்கினாலும் துரை "அல்லா ஹோப்!" என்பார். சரி, கிளம்பு என்று அர்த்தமாம். தோட்டத்து ஆட்கள் மாரியம்மன் தேர் இழுக்கும்போதும் அதையே சொன்னார்கள்.

துரை வருடா வருடம் ஒயின் போடுவார். மாத்தளைச் சூட்டில் அது வருடா வருடம் புளித்துக் காடியாகி வினாகிரியாகும். அவர் பீப்பாவை உதைப்பார். பதுர்தீன் அந்த வினாகிரியை வாங்கி வந்து அச்சாறு போடுவார். கல்யாணப் புரியாணிக்குப் பக்கத்தில் அந்த அச்சாறு இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணும். தானாகப் புளித்தால் ஹலால் என்று பள்ளிவாசல் சாலிஹ் லெப்பை சொல்லியிருந்ததால், ஒயின் புளிக்க வேண்டுமென்று பதுர்தீன் தவறாமல் துஆ கேட்பார்.

"ஒரு மனுசன் ஒழைச்சது கெட்டுப் போகணும்னு துஆவாங்க?" என்பாள் மனைவி ஸுலைஹா.

மகள் ஜெஸீமாவின் நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருந்தது. தம்புள்ளைச் சம்பந்தி அந்த அச்சாறுதான் வேண்டுமென்று சொல்லி அனுப்பினார். அந்த வருடம் பார்த்து ஒயின் ஒயினாகவே நின்றது. துரை முத்துவீரனைக் கட்டிப்பிடித்து அழுதார். பதுர்தீனுக்கும் அழுகைதான் வந்தது. லெப்பையிடம் ஓடினார்.

"உள்ள எதையாச்சும் போட்டுப் புளிக்க வச்சா ஹராம். நெழல்லேருந்து வெயிலுக்கு மாத்தினா பரவாயில்ல" என்றார் லெப்பை.

பீப்பா யாருடையது என்று லெப்பை கேட்கவில்லை, பதுர்தீனும் சொல்லவில்லை.

துரை கண்டிக்குப் போகும் நாளாகப் பார்த்து, பதுர்தீன் பீப்பாவை வெயிலுக்கு உருட்டிவிடும் எண்ணத்தோடு மலையடிக்குப் போனார். பீப்பா ஏற்கெனவே முற்றத்து வெயிலில் மூடி திறந்து நின்றது. பக்கத்தில், கண்டிக்குப் போகாமல், தொப்பியோடு துரை உட்கார்ந்திருந்தார்.

"பதுர்தீன் நானா, மகளுக்குக் கல்யாணம் இல்லையா? லெப்பைகிட்ட கேட்டுட்டேன். உள்ள ஒண்ணும் போடலே. ஒரு போத்தல் மட்டும் எனக்கு எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க."

பதுர்தீனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கல்யாணத்தில் சம்பந்தி அச்சாற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். ஒரே சஹன் தட்டைச் சுற்றிக் கூட உட்கார்ந்த துரையும் இன்னும் கொஞ்சம் என்று கை நீட்டினார். அள்ளி வைத்த பதுர்தீன் அன்று அதைத் தொடாமல் வெறும் புரியாணியைத் தின்றார். அடுத்த வருடத்துக்கு என்ன துஆ கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.