பூட்டிய வீட்டுக்குள் ஒரு வகுப்பு

கொரோனா காலத்தில், பள்ளியைத் திறக்கலாமா என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் செஞ்சி கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். கணவர் பெங்களூரில் இருந்தார். வீட்டில் நானும், ஐந்தாவது படிக்கும் மகள் பிரியாவும் மட்டும்தான்.

கூட்டத்தில் ஒருவர், "வூட்லயே கெடந்து எம் பையன் பேசறதையே வுட்டுட்டான். தொறந்துடுங்க சார்" என்றார்.

"புள்ள உசுரோட இருந்தா போதும். படிப்பு எங்க போவுது?" என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாதிப் பேர் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் வீடு கோட்டை மலையடியில் இருக்கிறது. குரங்குகளுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தி, பிரியாவை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவேன். அன்று திரும்பி வந்தபோது உள்ளே பல குரல்கள் கேட்டன. பூட்டைத் திறக்காமல் கதவில் காதை வைத்துக் கேட்டேன்.

பிறகுதான் புரிந்தது. பிரியா தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை டீச்சர் மாதிரி வரிசையாகக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் குரலிலும் "எஸ் மிஸ்" சொல்லிக்கொண்டிருந்தாள். தன் பெயரைக் கூப்பிட்டபோது மட்டும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "ஆப்சென்ட்" என்றாள்.

மறுநாளே பள்ளிக்குப் போய், திறக்கலாம் என்று மாற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். பயம் என்னவோ போகவில்லை.

இப்போதெல்லாம் பள்ளியில் எதற்குக் கருத்துக் கேட்டாலும், "வூட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்கிறேன்.

"வூட்டுக்காரர கேக்கணுமா?" என்பார்கள்.

"இல்ல, எம் பொண்ண" என்பேன்.