அத்தையின் தொண்டைக்கு மாமா வைத்த வேண்டுதல்

எங்கள் அத்தையின் சத்தத்துக்குச் சங்கரன்கோவிலில் ஈடு கிடையாது. வீட்டை ஒட்டியே மாமா நாலு விசைத்தறி போட்டிருந்தார். தறி ஓடும்போது ஓட்டுகிறவர்கள் கையைக் காட்டித்தான் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். அத்தைக்கு அந்த அவசியம் நேர்ந்ததில்லை. அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் நாலு தறியையும் தாண்டி அது மாமாவிடம் போய்ச் சேர்ந்துவிடும். அதில் முக்கால்வாசி வசவுதான்.

ஒரு ஆடித்தபசுத் திருவிழா அன்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு கோமதி அம்மன் சன்னதியில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

"தாயே, அவளுக்கு ஒரு குறையும் வச்சிராத. சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடு."

ரேடியோவுக்குக் குமிழ் இருப்பதுபோல அம்பாளிடமும் இதற்கென்று ஒன்று இருக்கும் என்று நான் நம்பினேன். இருந்தது போலும். தை பிறப்பதற்குள் அத்தையின் குரல் கரகரத்து, கம்மி, தறிச் சத்தத்துக்குள் அமுங்கிப்போனது. பேச்சும் நிதானமாகிவிட்டது. வசவு பாதியில் நிற்கும்போதே கொட்டாவி வந்துவிடும். மாமாவுக்கு ஒரே பரவசம். வெள்ளிக்கிழமை மாவிளக்கு ஏற்றினார். எதற்கென்று அத்தை கேட்டதற்கு, "ஊரு உலகம் நல்லாருக்கணும்லா" என்றார். அத்தை அந்த மாவில் பெரிய உருண்டையாக எடுத்துத் தின்றுவிட்டு, ஏலக்காய் போதாது என்று மெல்லச் சொன்னாள்.

பங்குனி வெயிலில் அவள் போர்வை கேட்டபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். முகம் ஊதியிருந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கழுத்தின் முன்பக்கம் தாலிக்கயிறு இறுக்குகிற அளவுக்கு வீங்கியிருந்தது. எந்த நோய்க்கும் மருந்தென்று கோயிலில் தருகிற புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சிவகிரியில் யாருக்கோ இப்படித்தான் வந்தது, கேன்சர் என்று சொன்னார்களாம், என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாமா சாப்பிடவில்லை. தறியும் ஓடவில்லை.

திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை இல்லாத அத்தைக்கு நான்தான் பிள்ளை. அவள் போகிற இடமெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டரம்மா முதலில் கழுத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். பிறகு அத்தையைத் தண்ணீர் விழுங்கச் சொல்லி, பின்னால் நின்று இரண்டு கையாலும் கழுத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். வீக்கத்தில் ஊசி குத்தி, உள்ளிருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை மாமா கோயிலே கதி என்று கிடந்தார். முடிவைக் கேட்கப் போன அன்று டாக்டரம்மா வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் திறந்துவிட்டார்.

"நாந்தான் காரணம் டாக்டரம்மா. அம்மன்ட்ட நாந்தான் வேண்டிக்கிட்டேன். சத்தத்தக் குறைன்னுதான் சொன்னேன். கழுத்த வீங்க வைன்னு சொல்லவே இல்ல."

அத்தை திரும்பி அவரைப் பார்த்தாள். குரல் மட்டும் இருந்திருந்தால் ஆஸ்பத்திரியைக் காலி செய்திருப்பார்கள்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேன்சர் இல்லை என்றார். தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். "நோயை அடிக்கிறதுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு காவல் இருக்கு. இவங்களுக்கு அது ஆள் தெரியாம இந்தச் சுரப்பியவே அடிக்குது. நீங்க கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே இது ஆரம்பிச்சிருக்கும்."

"சொந்த ஆளயே எதுக்கு டாக்டரம்மா அடிக்கணும்?" என்றார் மாமா.

"நான் உங்கள வையுதேன்லா, அது மாதிரிதான்" என்றாள் அத்தை, காற்றுப்போன குரலில்.

அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதை மாத்திரையாகத் தந்தார்கள். தினமும் வெறும் வயிற்றில், ஆயுசு முழுக்க. அத்தை மருந்து வாங்க உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா மாமாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

"இந்த மாதிரிக் கழுத்துக் கழலையில எப்பவாவது, ரொம்ப அபூர்வமா, கேன்சர் வரலாம். பயப்பட வேண்டாம். கழுத்து சட்டுன்னு பெருசானாலோ, ஒரு பக்கம் கட்டி மாதிரி தட்டுப்பட்டாலோ அன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

"அவட்ட சொல்லாண்டாம் டாக்டரம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

மாத்திரையும் அம்பாள் அருளும் சேர்ந்து சில மாதங்களில் அத்தையின் குரலைத் திருப்பிக் கொடுத்தன. ஒருநாள் சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்தில் வெற்றிலையைத் துப்பினார் என்று மாமாவை அவள் வைதது தெருமுனை வரை கேட்டது. மறுநாள் காலை காப்பிக்குக் கொஞ்சம் பால் வாங்கிவர அம்மா என் கையில் செம்பைக் கொடுத்து அத்தை வீட்டுக்கு அனுப்பினாள். உள்ளே போனால், மாமா அத்தைக்குப் பின்னால் நின்று அவள் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடியிருந்தார்.

மனுஷனுக்குப் பொறுமை போய்விட்டது என்று நினைத்தேன். செம்பைப் போட்டுவிட்டுத் தறிக்கு ஓடினேன்.

"மாமா அத்தையக் கொல்லுதாவ!"

தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தறி ஓட்டுகிற ஒருவரின் வேட்டியைப் பிடித்து இழுத்து, என் கழுத்தையே நெரித்துக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு மூன்று பேர் ஓடிவந்தார்கள்.

"ஏட்டி கூறுகெட்டவளே! அவிய புற்றுமண்ணு பூசுதாவட்டி!" என்றாள் அத்தை. "ஏலே, நீங்க தறியப் போட்டுட்டு இங்கன என்ன பாக்கியோ?"

"அக்காவக் கொல்லுதாவன்னு புள்ள சொல்லுச்சு. அண்ணாச்சியால முடியுமான்னு பாக்க வந்தோம்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மாமா மண் கையோடு அசட்டுத்தனமாகச் சிரித்தார். அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி அடுத்த ஆடி வரைக்கும் என்னைக் கேலி செய்தார்கள்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. எல்லோரும் புற்றுமண்ணை ஒரு விரலால் தொட்டு இழுத்துக்கொள்வார்கள். மாமா மட்டும் தினமும் அவ்வளவு நேரம், வலப்பக்கமும் இடப்பக்கமும் மாறி மாறி, விரலை அழுத்தி அழுத்திப் பூசினார். பூசி முடித்துக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பக்தி என்றே நினைத்தேன். வராந்தாவில் டாக்டரம்மா சொன்னதை அவரோடு நின்று கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கே அது உறைக்கவில்லை. அத்தைக்கு எப்படித் தெரியும்? "இம்புட்டு மண்ணு எதுக்கு, சேலையெல்லாம் பாழாப் போவுது" என்று வைதுகொண்டே, கடைசிவரை தினமும் அவருக்குக் கழுத்தை நீட்டினாள்.