இருவாச்சிக் கூட்டுக்குப் போன காலை

எனக்குப் பறவை பார்க்கும் பழக்கம் வந்தது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். சங்கரன்கோவிலில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை. வீடு ஊர்க்கடைசியில். துணி காயப்போட மாடிக்குப் போனால் பக்கத்துக் குளம் தெரியும். ஒரு கார்த்திகையில் குளம் நிறைந்திருந்தபோது, அதுவரை நான் பார்த்திராத வாத்துக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கீழே பருப்பு தீய்ந்து, வீடெல்லாம் புகை. "கொக்கையும் வாத்தையும் பாக்கதுக்கா உன்னைக் கெட்டிட்டு வந்தேன்?" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

வரித்தலை வாத்து என்று பிறகு ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்க ஆரம்பித்தேன். முக்குளிப்பான், தாழைக்கோழி, பருந்து என்று நோட்டு நிறைந்தது. வீட்டில் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

நான் ஓய்வு பெற்றபோது, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் எனக்கொரு பைனாகுலர் வாங்கித் தந்தாள். கூடவே செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலைக்காட்டில் வழிகாட்டியோடு மூன்று நாள் பறவை பார்க்கும் பயணத்துக்கும் என் பெயரில் பதிவு செய்து தந்தாள். தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு.

"ஏட்டி, முன்னப் பின்னத் தெரியாத ஆம்பளை கூட நீ காட்டுக்குள்ள போவியாக்கும்? நானும் வாரேன்" என்றார் வீட்டுக்காரர். அவருக்குப் பறவையில் ஒரு ஈடுபாடும் கிடையாது. நிலபுலன் உள்ள குடும்பம். கோவில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி அவர்களுடையது. ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். நாற்காலி போடாத இடத்துக்கு அவர் போனதே இல்லை.

மாசி மாதம் புளியங்குடி, கடையநல்லூர் வழியாகக் காரில் போனோம். தங்கும் இடத்தில் வழிகாட்டி எங்களுக்காகக் காத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், கால்சட்டையைக் காலுறைக்குள் செருகியிருந்தார். தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பம். அவரும் சின்ன வயதில் கொழுந்து மூட்டை சுமந்தவர். பறவைகளைத் தானாகவே கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது என்றார்.

முதல் நாள் காலையை நான் எப்படிச் சொல்வது? அவர் நடந்தால் சருகு சத்தம் கேட்காது. சட்டென்று நிற்பார், ஒரு விரலை மட்டும் நீட்டுவார். அந்த விரல் காட்டிய இடத்தில் இருட்டுக் கொடிகளுக்குள் ஒரு தீக்காக்கை உட்கார்ந்திருந்தது. செக்கச்செவேலென்ற வயிறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பைனாகுலரை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாறையில் உட்கார்ந்து இளைப்பாறும்போது, "உங்க ஊர்ல என்னெல்லாம் பாத்திருக்கீங்க மேடம்?" என்று கேட்டார். கூச்சத்தோடு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். ஒரு பருந்தின் பெயரை நான் தப்பாக எழுதியிருந்ததைத் திருத்தினார். வரித்தலை வாத்து என்று எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, "இத நேர்ல பாத்தீங்களா? நான் பாத்ததே இல்ல மேடம். மலைய விட்டு இறங்கினாத்தான பாக்க முடியும்" என்றார். அந்த வாத்து எப்படி நடக்கும், எப்படி மேயும் என்று நான் அவருக்குச் சொன்னேன். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் ஒருவரும் நான் பேசுவதை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்ததில்லை. வீட்டுக்காரர் சற்றுத் தள்ளி நின்று, சிக்னல் கிடைக்குமா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேச்சுக்கு வந்தார்.

"தம்பிக்குப் பூர்வீகம் இங்கனதானா?"

"இல்ல சார். எங்க தாத்தா உங்க பக்கம்தான். சங்கரன்கோவில் பக்கத்துல." ஊர் பெயரைச் சொன்னார். எங்கள் வயலுக்குப் போகிற வழியில் உள்ள ஊர்.

"அட, நம்ம ஊர்க்காரரு! அங்க எந்தத் தெரு?"

அவர் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். "கிழக்க, சார்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாதி தெரிய அந்த ஒரு சொல் போதும். வீட்டுக்காரர் "ம்" என்றார். வழிகாட்டி நீட்டிய டீக் கப்பைப் பார்த்து, "எனக்கு சுகரு, வேண்டாம்" என்றார். சர்க்கரை நோய் அவருக்கு இல்லை. காலையில் அதே பிளாஸ்கிலிருந்து இரண்டு கப் குடித்திருந்தார். அடுத்த கப் என் பக்கம் வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "எனக்கும் வேண்டாம்" என்றேன்.

இதை எழுதும்போது என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஆசை வருகிறது. ஆனால் நான் குடிக்கவில்லை என்பதுதான் நடந்தது. அவர் இரண்டு கப் டீயையும் புல்லில் கொட்டிவிட்டு, "போலாமா மேடம்?" என்று எழுந்தார். அன்று மதியத்திலிருந்து 'தம்பி' போய் 'ஏலே' வந்தது.

இரண்டாம் நாள் இருவாச்சிக் கூட்டுக்குப் போவதாக இருந்தது. நான் இந்தப் பயணத்துக்கு வந்ததே அதற்காகத்தான். கிளம்பும் முன் வழிகாட்டி விளக்கமாகச் சொன்னார். பெட்டை மரப்பொந்துக்குள் போய், வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். முட்டையிட்டு, குஞ்சு வளரும் வரை வெளியே வராது. சேவல்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

"ஆள் சத்தம் கேட்டா சேவல் கிட்ட வராது. தூரத்துலயே பழத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். உள்ள இருக்கிறது பட்டினி. அதனால பத்து நிமிஷம், அங்க இருக்கிற ஒரு பாறைக்குப் பின்னால. போன் ஆஃப் பண்ணிருங்க சார்."

வீட்டுக்காரர் போனை அணைக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஏறினோம். கூடு இருந்த மரம் வானத்துக்கு நின்றது. பாறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தோம். சிறிது நேரத்தில் தலைக்கு மேல், பெரிய துணியை உதறுவது போலச் சிறகுச் சத்தம் கேட்டது. சேவல் எதிர்க் கிளையில் வந்து அமர்ந்தது. மஞ்சள் அலகு, தொண்டையில் பழங்களின் புடைப்பு. பொந்தின் கீறலில் ஒரு அலகு நுனி அசைந்ததைப் பார்த்தேன்.

அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரர் எடுத்து, "ஆமா, அங்கன பொட்டாஷ் போட்டாச்சா?" என்று வயல் வேலையைப் பற்றி உரக்கப் பேசினார். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போல. எழுந்து, சிக்னலுக்காக மரத்தடிக்கே போய்விட்டார். சேவல் கிளையை விட்டுப் பறந்தது.

வழிகாட்டி அவர் பின்னால் ஓடினார். சத்தமில்லாமல், கை கூப்புவது போல வைத்துக்கொண்டு, "சார், போனக் கீழ வைங்க. உள்ள பெட்டை இருக்கு சார்" என்றார்.

"ஏலே, நீ யாருகிட்ட பேசுத தெரியுமா?"

"யாரா இருந்தாலும் இங்க இந்தச் சட்டம்தான் சார். தயவுசெஞ்சு பின்னால வாங்க."

"எனக்குச் சட்டம் சொல்லுதியா? உங்க தாத்தன் எங்க வீட்டுப் பின்வாசல்ல கைகெட்டி நின்னவம்ல. எஸ்டேட்டுக்கு வந்ததும் வாய் வந்துட்டோ?"

வழிகாட்டி என் பக்கம் திரும்பி, "மேடம், வாங்க, இறங்கிரலாம். அப்பத்தான் சேவல் திரும்பி வரும்" என்றார். இறங்கும் வழியில் வழுக்கும் இடத்தில் மட்டும் ஒரு கம்பை என் பக்கம் நீட்டினார்.

மதியம் அறைக்கு வந்ததும் வீட்டுக்காரர், "புகார் எழுது" என்றார். "உன் பேர்லதான பதிவு பண்ணியிருக்கு. நீதான் எழுதணும்."

அவர் சொல்லச் சொல்ல என் போனில் தட்டினேன். பாதியில் திருப்பி அழைத்து வந்தார் என்று எழுதினேன். மரியாதை இல்லாமல் பேசினார் என்று எழுதினேன். "லேடீஸ் முன்னால கெட்ட வார்த்தை பேசினான்னு போடு" என்றார்.

"எப்பப் பேசுனாரு?"

"பெட்டைன்னு சொன்னாம்லா? அது என்ன நல்ல வார்த்தையா?"

"அது பறவையச் சொன்னதுல்லா?"

"நீ அவனுக்கு வக்கீலா? நேத்துப் பூரா அவன்கூட என்ன பேச்சு, என்ன சிரிப்பு. நான் ஒண்ணும் கேக்கல. எழுதுன்னா எழுது."

நான் எழுதினேன். 'பெண்கள் முன்னிலையில் தகாத வார்த்தைகளைப் பயன்படுத்தினார்.' முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் எழுதிப் பழகிய கை. ஓட்டை இல்லாமல் வாக்கியம் அமைப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னதை விட நன்றாகவே அமைந்தது. என் பெயரைப் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் காட்டுக்குள் போகாமலேயே ஊர் திரும்பினோம். பயண நிறுவனத்திலிருந்து மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் வந்தது. வீட்டுக்காரர் அதை என்னை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

ஆனியில் எங்கள் குளத்தங்கரையில் ஒரு பருந்து வந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெட்கமில்லாமல் அதன் படத்தை வழிகாட்டியின் எண்ணுக்கே அனுப்பினேன். நடந்தது மறந்து போயிருக்கும் என்று நம்ப விரும்பினேன் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'நான் இப்ப அந்த வேலையில இல்ல மேடம்.'

அடுத்த வருஷப் பயணத்துக்குப் பதிவு செய்கிறவளைப் போல நிறுவனத்துக்குப் போன் செய்து, அந்த வழிகாட்டி வருவாரா என்று கேட்டேன். "இல்லங்க, அவர எடுத்துட்டோம். அவர் மேல ஒரு மேடம் கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தாங்க. லேடீஸ் விஷயம் பாருங்க, விசாரிச்சிட்டெல்லாம் இருக்க முடியாது" என்றாள் ஒரு பெண், என்மேல் அக்கறையோடு.

அன்றே இன்னொரு மெயில் எழுதினேன். முதல் கடிதத்தில் அந்த வரி பொய், அவர் ஒரு தவறும் செய்யவில்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது.

தென்காசியில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு நாள் பஸ் ஏறி மலைக்குப் போனேன். கடைத்தெருவில் விசாரித்தேன். எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஒன்றில் இருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. உரமூட்டை இறக்கும் வேலை கிடைத்த நாளில் போகிறாராம். அவர் மனைவி என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே, அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் மேடம். லெட்டர எனக்குக் காட்டுனாங்க."

"திருத்தி எழுதிட்டேன். ரெண்டு தடவை எழுதிட்டேன்."

"சரி மேடம்" என்றார். "சார் எழுதியிருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காது. அவர மாதிரி நெறைய பேரப் பாத்தாச்சு. நீங்க எழுதுனதாலதான் எல்லாரும் நம்புனாங்க. ஒரு அம்மா பொய் சொல்லுவாங்களான்னு எங்க அக்காவே கேட்டுச்சு."

"என்ன மன்னிச்சிருங்க" என்றேன்.

"நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு மேடம். அத விட்டா ஆறுக்குத்தான்" என்றார். அவர் மனைவி கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்காரர் இந்தக் கதையை இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீடுகளில், பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில். "எவனோ ஒருத்தன் காட்டுக்குள்ள வச்சி எங்க வீட்டம்மாவக் கெட்ட வார்த்தை பேசிட்டாம்வே. விட்டேனா நான்? சீட்டக் கிழிச்சிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்." பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவர் அதை நிஜமாகவே நம்புகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பல மாதம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் அவருடைய தம்பி மகள் நிச்சயதார்த்தத்தில் மறுபடி ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி இருந்தார்கள். "அப்படி ஒண்ணும் அவர் பேசல. நான் எழுதுனது பொய்" என்றேன்.

யாரோ, "இலை போட்டாச்சு, வாங்க" என்றார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். அதிலிருந்து வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். நான் பரிமாறுகிறேன். இரண்டு பேர் சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்கு அது கஷ்டமாக இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. இந்த அமைதிக்குப் பயந்துதான் அன்றைக்கு நான் அந்த வரியை எழுதினேன்.