சாளைக்காரியின் முகம்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், சென்னையில் ஓவியம் படித்துவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் கடற்கரைத் தெருவில் சிலுவை நட்ட சின்னக் கோயிலான குருசடிக்கு ஒரு மாதா படம் வேண்டும் என்றார், நாலு வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. ஆளைப் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பது என் படிப்பு. என் திமிரும் அதுதான். தெருவில் சாளை மீன் விற்கும் ஒருத்தியை உட்காரவைத்து ஒரு மாதம் வரைந்தேன். வெயிலில் கருத்த அந்த முகத்தைப் போல் இன்னொன்றை நான் பிறகு வரைந்ததேயில்லை.

திரையை விலக்கியதும் தெருவே சிரித்தது.

“ஏலே, இது நம்ம சாளைக்காரில்லா? இவளப் பாத்து எப்படிலே கும்பிட?” என்ற சம்மாட்டி, மடியிலிருந்து ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகத்தை உருவி அட்டையில் சிரித்த நடிகையைக் காட்டினார். “இந்த மொகத்தப் போடு.”

போட்டேன். ஒரு மாத வேலையை ஒரே மத்தியானத்தில் அழித்து, ரோஜா நிறக் கன்னமும் வில் புருவமும் எழுதினேன். எந்தக் கழுதையும் எழுதக்கூடிய முகம் அது. அன்று சாயங்காலம் குருசடியில் மெழுகுதிரி வைக்க இடமில்லை.

கூடையை இறக்கிவிட்டுச் சாளைக்காரியும் முழங்காலிட்டாள். வெகுநேரம் அழுதாள். எழுந்து முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“இப்பதாம் மாதா மாதிரி இருக்கா. எம் மூஞ்சிய இனி எங்கயும் போட்டுராத, தம்பி.”