ஈரப் பட்டியில் அண்ணியின் கை

என் அண்ணி அஃப்ராவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் கொடுத்துவைத்தவள் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன். அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். வேறு வித்தியாசம் கிடையாது.

ஆள் குட்டை. ரொட்டிக் கடையில் விடியற்காலையிலிருந்து நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப் போனவள். வாயோ ஊருக்கே போதும். கல்யாணமான புதிதில், வெள்ளிக்கிழமைகளில் என் அண்ணன் எர்ஹார்ட் சத்திரத்து நிலவறையிலிருக்கும் குறிசுடும் சங்கத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு வரும்வரை மேலே உட்கார்ந்து காத்திருப்பாள். ஒருநாள் காத்திருந்து அலுத்துப்போய்க் கீழே இறங்கி, "அப்படி என்னதான் பண்றீங்க, குடுங்க பார்க்கலாம்" என்று அவன் கையிலிருந்த ஏர் பிஸ்டலை வாங்கிச் சுட்டாள். அவனைவிட நன்றாகச் சுட்டுத் தொலைத்தாள். வேறு ஆண்பிள்ளையாக இருந்தால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். என் அண்ணன் பிஸ்டலை அவளிடமே விட்டுவிட்டு, அரத்தைக் கையில் எடுத்தான்.

அன்றிலிருந்து அவளுடைய பிஸ்டலுக்குக் கைப்பிடிகள் செய்வதுதான் அவனுக்கு வேலை. பிழைப்புக்குப் பால் லாரி ஓட்டுவான், மதியத்தோடு அது முடிந்துவிடும். பிறகு சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, வால்நட் கட்டையையும், அரங்களையும், உப்புத்தாளையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சூப்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. ஆனால் அவளுடைய மோதிர விரல் வந்து படுகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்துக்காகக் குளிர்காலம் முழுக்கச் செலவழிப்பான். சங்கத்தில் எத்தனையோ பேர் எங்களுக்கும் ஒன்று செய்து கொடு என்று கேட்டும் செய்ததில்லை.

நான் அதே வீட்டு மாடியில் இருக்கிறேன். சாப்பாடு கீழே. எனக்கும் ஒருத்தன் வாய்த்தான். ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியும் என் காபிக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமலே பாஸா நகரத்துக்குப் போய்விட்டான். நான் சங்கத்தில் பீர் ஊற்றுகிறேன். இந்த நிலையில் தினமும் எதிரே உட்கார்ந்து, இன்னொருத்தியின் விரலுக்காக ஒருவன் மரத்தை ஊதி ஊதித் தேய்ப்பதைப் பார்த்தால் எப்படியிருக்கும்? எரியும். எனக்கு எரிந்தது.

அதனால்தான் டாக்மார் வந்தபோது எனக்குக் கொஞ்சம் குளிர்ந்தது.

டாக்மார் ரேகன்ஸ்பூர்க்கிலிருந்து குடிவந்தவள். கண்ணாடிக் கடையில் வேலை. ஒல்லி, உயரம், நீள விரல்கள். கடையில் வாங்கிய கைப்பிடியை மாற்றாமலே சுடுவாள், அப்படியும் அண்ணியை எட்டிப் பிடித்துவிட்டாள். எங்கள் அணியில் நான்கு பேர். நான்காவது இடம் வருஷக்கணக்காக அண்ணியுடையது. பக்கத்து ஊரோடு போட்டி வரப்போகிறது, அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் சுட்டுப் பார்க்கட்டும், அதிகம் எடுப்பவருக்கே அந்த இடம் என்று அணித் தலைவர் வெண்டெலின் அறிவித்துவிட்டார்.

அண்ணிக்கு அந்தக் குளிர்காலத்தில் புள்ளிகள் இறங்கிக்கொண்டே வந்தன. விளக்கு சரியில்லை என்பாள், கண் சரியில்லை என்பாள். "கைப்பிடியைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று அண்ணன் கேட்டால், "அதுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு, தொடாத" என்று பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் டாக்மார் வெகுளியாக வந்து, "எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்று அண்ணனிடம் கேட்டாள். என் அண்ணன், யாருக்கும் தலையாட்டாத என் அண்ணன், "சரி" என்றான்.

வீட்டில் அன்று தட்டுகள் பேசின.

"ஊர்ல எத்தனை பேர் கேட்டாங்க, முடியாதுன்னே. இவளுக்கு மட்டும் என்ன?" என்றாள் அண்ணி.

"கேட்டா. கை சும்மா இருந்துச்சு" என்றான் அண்ணன்.

"கை சும்மா இருந்துச்சாம்! கேட்டியா ஸென்ஸி, உங்க அண்ணனுக்குக் கை சும்மா இருந்துச்சாம்."

"நானா இருந்தா அரத்தைத் தூக்கி ஆத்துல வீசியிருப்பேன் அண்ணி" என்று நான் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினேன்.

டாக்மார் மதியங்களில் வரத் தொடங்கினாள். மரம் கையில் எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடிக்க என் அண்ணனுக்கு ஒரு வழி உண்டு. உள்ளங்கையிலும் விரல்களிலும் லிப்ஸ்டிக் பூசிப் பிடிக்கச் சொல்வான், மரத்தில் சாயம் ஒட்டிய இடமெல்லாம் மேடு, அதைத் தேய்க்க வேண்டும். இதற்காகவே அவன் கருவிப் பெட்டியில் ஒரு கருஞ்சிவப்பு லிப்ஸ்டிக் கிடக்கும். சங்கத்து நடன விழாவுக்கு அண்ணி வாங்கி, கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பன்றி அடிச்ச கசாப்புக்காரி மாதிரி இருக்கேன்" என்று தூக்கிப் போட்டது. டாக்மார் அதைத் தொடவில்லை. "எங்கிட்டயே இருக்கே" என்று கைப்பையிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்தாள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் அண்ணி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல்ல என்ன?"

"லிப்ஸ்டிக்."

"அது தெரியுது."

அவன் விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வெட்ட ஆரம்பித்தான். மனுஷனுக்கு எதுவும் உறைக்கவில்லை. எனக்கு இரண்டு கொழுக்கட்டை கூடுதலாக இறங்கியது.

மேட்டைத் தேய்த்து முடித்தபின், இடைவெளிகளை நிரப்பப் பட்டி வைக்க வேண்டும். மரத்தூளும் பிசினும் சேர்த்துக் குழைத்த மாவு அது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, போட்டியில் நிற்பதுபோலவே நின்று, கையை நீட்டி ஒருமுறை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடித்த கையின் அச்சு அப்படியே பதியும். மறுநாள் கல்லாகிவிடும், பிறகு அதன்படி அரம் போட வேண்டியதுதான்.

அந்த வியாழன் மதியம் வெளியே ஒரே பனி. டாக்மார் சமையலறை நடுவில் காலை அகட்டி நின்று, கை நீட்டி, சுவரில் தொங்கிய சாத்தான்-விரட்டி மூலிகைக் கட்டைக் குறி பார்த்தாள். அண்ணன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக மரத்தில் படிய வைத்தான்.

"சுண்டு விரலைத் தளர்த்துங்க. ஆங், அப்படியே."

"பார்த்து" என்றாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அண்ணி. "கை கழண்டு வந்துடப்போகுது."

டாக்மார் சிரித்தாள். கை பதிந்தது. தன் பிஸ்டலை அப்படியே மேஜைமேல் பக்கவாட்டில் விட்டுவிட்டு அவள் கிளம்பினாள். போனவளின் கார் எங்கள் வாசலிலேயே பனியில் சிக்கிக்கொண்டது. அண்ணன் தள்ளப் போனான். நாங்கள் இருவரும் ஜன்னலில் நின்றோம். அவன் பின்னாலிருந்து தள்ள, சக்கரம் சுற்றி முகமெல்லாம் பனியை வாரியடிக்க, அவள் கண்ணாடியை இறக்கி என்னவோ சொல்ல, என் அண்ணன் சிரித்தான். வாயைத் திறந்து, பல் தெரிய.

அண்ணி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அடுப்படியிலிருந்த எண்ணெயைக் கையில் ஊற்றினாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் பிஸ்டலை எடுத்து, இன்னும் ஈரமாயிருந்த பட்டியில் தன் கையைப் போட்டு இறுக்கினாள். டாக்மாரின் மெல்லிய விரல் தடங்கள் நசுங்கி வழிந்தன. கையை நீட்டி, மூச்சை அடக்கி, அதே மூலிகைக் கட்டைக் குறி பார்த்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி..."

"வாயை மூடு ஸென்ஸி. இது அவ கைக்கு உக்காரவே கூடாது."

மூடிக்கொண்டேன். மனசுக்குள் பேண்டு வாத்தியம் வாசித்தது என்றே சொல்வேன். பல வருஷம் எனக்குள் இருந்தது இப்போது அவளுக்குள்ளும் இருக்கிறது, பார்க்கட்டும், அதன் ருசி எப்படியென்று அவளும் பார்க்கட்டும்.

அண்ணன் பனியை உதறிக்கொண்டு வந்தான், மேஜையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காய்ந்த பட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அரத்தை எடுத்தான். இரண்டு வாரம் தேய்த்தான். டாக்மாரை மறுபடி கூப்பிடவில்லை. அண்ணி எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நிலவறை நிறைய ஆட்கள். நான் பீர் ஊற்றும் மேடைக்கும் சுடும் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான், கதவு திறந்திருந்தது. அண்ணன் டாக்மாரின் பிஸ்டலை எடுத்துவைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்த கைப்பிடியைப் பிரித்து அதன் பக்கத்தில் வைத்தான். பார்க்கவே அழகு. எண்ணெய் பூசிய வால்நட் மின்னியது. என் அண்ணன் பேச வாயைத் திறப்பதற்குள் ஊற்றிய பீரின் நுரை அடங்கிவிடும். அதற்குள் டாக்மார் பாய்ந்து எடுத்துத் தன் பிஸ்டலில் மாட்டிவிட்டாள்.

கையை நீட்டினாள். முகம் சுருங்கியது. விரல்களை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு உக்காரலையே. உள்ள ஏற்கனவே வேற யாரோட கையோ இருக்கற மாதிரி இருக்கு."

அண்ணியின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. நான் துடைத்த தம்ளரையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அது அஃப்ராவுது" என்றான் அண்ணன்.

"என்னது?" என்றார் வெண்டெலின்.

"பட்டி ஈரமா இருக்கும்போது அவ பிடிச்சிருக்கா. அடுத்த நாள் காலைலயே பார்த்தேன். நம்ம வீட்டுல வேற யாரோட கை இருக்கு?"

நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். எனக்கும் இரண்டு கைகள் உண்டு. அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். "ஏம்மா அஃப்ரா, தோத்துப்போற பயமா?" என்றது இன்னொரு குரல். அண்ணி கோட்டை எடுத்துக்கொண்டு படியை நோக்கித் திரும்பினாள். அண்ணன் வழியில் நின்றான்.

"கட்டை விரல் மூட்டு எப்பலேர்ந்து வீங்கியிருக்கு?"

"வீக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பொய் சொல்லாத. போன தடவை செஞ்சப்ப உன் கையில அந்த எடத்துல மேடு இல்ல. இப்போ பட்டியில இவ்வளவு பெரிய குழி விழுந்திருக்கு. அதோட எப்படிப் பிடிக்கற? வலிக்காதா?"

அண்ணி கையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். "சொன்னா எடத்தைப் பிடுங்கி அவளுக்குக் குடுத்துடுவாங்க."

"எடம் கெடக்கு எடம். எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" அவன் குரல் உடைந்தது. என் அண்ணன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை, எங்கள் அம்மாவைப் புதைத்த அன்றுகூட. "தொடவே விடலையே நீ. இந்தக் குளிர்காலம் பூரா கேக்கறேன்."

அண்ணி அழவில்லை. "நீ அவ விரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னே" என்று மட்டும் சொன்னாள், அத்தனை பேர் முன்னாலும்.

"பிடிச்சேன். மரமா நினைச்சுப் பிடிச்சேன்."

டாக்மாருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "அப்போ ரெண்டு வாரமா எனக்குன்னு நீங்க ஒண்ணும் செய்யலையா?" என்றாள். அண்ணன் பிடரியைச் சொறிந்துகொண்டு அவளுடைய பழைய கைப்பிடியைத் தன் பையிலிருந்து எடுத்தான். "ஒரு திருகுதான், மாட்டித் தரேன்" என்றான்.

சுட்டார்கள். அண்ணியின் பிஸ்டலும் அதே மாடல்தான், புதியதை அதில் மாட்டிக்கொண்டாள். பழகாத கைப்பிடி. இரண்டு புள்ளியில் தோற்றாள். நான்காவது இடம் டாக்மாருக்குப் போயிற்று. அண்ணி பிஸ்டலைக் கீழே வைத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலிக்கல எர்ஹார்ட்" என்றாள். அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றவளை நான் பார்த்ததில்லை.

இருவரும் சேர்ந்து படியேறிப் போனார்கள். ஜெயித்தவள் என் மேடைக்கு வந்து உட்கார்ந்து ஒரு ஷ்னாப்ஸ் கேட்டாள்.

"எடம் எனக்குத்தான் கெடைச்சுது, இல்ல?" என்றாள்.

"உனக்குத்தான்" என்றேன், எனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு.

டாக்மாருக்கும் ஒரு கைப்பிடி பிறகு தயாரானது. அது முடியும்வரை அண்ணி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்மாரின் உள்ளங்கைக்கு லிப்ஸ்டிக் பூசியதும் அவள்தான், தன்னுடைய கருஞ்சிவப்பால். இப்போது அவர்கள் இருவரும் சிநேகிதிகள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வேலை முடிந்த மாலை, டப்பாவில் ஒரு பிடி பட்டி மிச்சமிருந்தது. சமையலறையில் யாரும் இல்லை. நான் அதை எடுத்து உருட்டி, கையில் எண்ணெய் தடவி, இறுக்கிப் பிடித்தேன். ஐந்து விரலும் நன்றாகப் பதியும்படி. சின்ன வயதில் என் நடு விரல் களஞ்சியக் கதவில் நசுங்கியது. கதவைச் சாத்தியவன் எர்ஹார்ட், என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடியவனும் அவன்தான். அந்த விரலின் நுனி இன்றும் கோணல், பட்டியில் தெளிவாகத் தெரிந்தது. அதை மேஜையில், அவன் அரங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.

காலையில் காபிக்கு இறங்கி வந்தபோது என் அண்ணன் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"இதை யாரு நசுக்கி வெச்சது?" என்றான். "பக்கத்து வீட்டுப் பசங்க உள்ள வந்தாங்களா?"

"வந்திருப்பாங்க" என்றேன்.

அவன் அதை அடுப்புக்குள் போட்டான்.