பரமேஸ்வரி அக்காவின் பழைய கொப்பி

1

செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். கொழும்பில் இருந்து இருதய சத்திரசிகிச்சைப் பிரிவு வைத்தியர் ஒருவர் எங்கள் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தார். தாதியான நான்தான் பேசினேன். நாங்கள் அனுப்பிவைத்த ஜெயபுரம் பரமேஸ்வரிக்கு இதய வால்வு மாற்றி மூன்று நாள். வால்வு நன்றாக வேலை செய்தது. சிறுநீர்தான் போகவில்லை.

“மிஸ், ரெண்டு வருசத்துக்கு முந்தி இவாவின்ர கிரியாட்டினின் எவ்வளவு?”

“நோர்மல், டொக்டர்.”

“நோர்மலோ எண்டு கேக்கேல்ல. எவ்வளவு எண்டு கேட்டனான்.”

சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். எனக்கு நினைவிருந்தது அவருடைய புதுக் கொப்பியில் நான் எழுதிய கடைசி எண் மட்டும்: 1.1. ஆய்வுகூடப் படிவத்தில் மேல் எல்லை 1.2. எல்லை தாண்டினால் சிவப்பு மையில் எழுதுவேன், தாண்டாவிட்டால் நீலத்தில். 1.1 நீலத்தில் இருந்தது.

2

எங்கள் கிளினிக்கில் நோயாளியின் விபரமெல்லாம் அவர் கையில் உள்ள கொப்பியில்தான் இருக்கும். அது நிரம்பினால் மருந்துகளையும் கடைசிப் பரிசோதனை முடிவையும் புதுக் கொப்பியில் பெயர்த்து எழுதுவோம்.

பரமேஸ்வரி அக்கா எல்லாக் கொப்பிகளையும் அடையாள அட்டை, காணிப் பத்திரத் துண்டுகளோடு ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒருநாள் கேட்டேன்.

“அக்கா, கிளினிக்குக்கு வாறீங்களோ, இடம்பெயர்ந்து போறீங்களோ?”

வரிசை முழுக்கச் சிரித்தது.

“சிரியுங்கோ மிஸ். இடம்பெயர்ந்த நேரம் ஒரு துண்டு இல்லாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.”

“பழைய கொப்பியை வீட்டை வையுங்கோ. புதுசில எல்லாம் எழுதியிருக்கிறன்.”

அவர் வைத்துவிட்டார். நான் எல்லாம் எழுதியிருக்கவில்லை.

கொழும்பு அழைப்புக்கு அடுத்த நாள், நான் சொல்லியனுப்பியபடி, முதல் பஸ்ஸில் அவருடைய கணவர் பழைய கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு வருடத்துக்கு முன் 0.6. பிறகு 0.7. பிறகு 0.9. கடைசியாக நான் பெயர்த்தெழுதிய 1.1. நான்கும் என் கையெழுத்து, நான்கும் நீலம். அவரைப் போல மெலிந்த ஒருவருக்கு இந்த ஏற்றம் சிறுநீரகத்தின் கிட்டத்தட்டப் பாதி வேலை போய்விட்டதற்குச் சமம். கிளினிக்குக்கு வரும் வைத்தியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக வந்தவர் பார்த்தது ஒரேயொரு எண்ணை.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து வாசித்தேன். வைத்தியர் நான்கையும் எழுதிக்கொண்டார்.

“கிட்னி தப்பியிருக்குமோ எண்டு சொல்லேலாது, மிஸ். ஆனால் இது தெரிஞ்சிருந்தால் கிட்னி டொக்டருக்குக் காட்டிப்போட்டுத்தான் ஒப்பரேசனுக்கு எடுத்திருப்பம்.”

3

அக்கா திரும்பி வந்தார். கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்பு. ஜெயபுரத்தில் இருந்து அதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்துபோக ஒரு முழு நாள் வேண்டும்.

“மிஸ், புதுசாப் போட்ட சாமான் நல்லா ஓடுதாம். கூடப்பிறந்த சாமான் ஏன் நிண்டது?”

“சில பேருக்கு அப்பிடி வரும் அக்கா.”

அவர் நம்பினார். பஸ் ஓடாத நாட்களில் சுத்திகரிப்பு தவறியது. திரும்பி வந்த ஏழாம் மாதம் இறந்தார்.

அதே மாதம் கிளினிக்கைப் பரிசோதிக்க ஒரு குழு வந்தது. கொப்பிகளின் ஒழுங்குக்கு நூற்றுக்கு நூறு புள்ளி. “உங்கட எழுத்து அச்சு மாதிரி இருக்கு” என்றார் மேற்பார்வை செய்யும் தாதி. நன்றி சொன்னேன்.

புதிதாக வேலைக்கு வரும் தாதியருக்கு: புதுக் கொப்பி திறந்தால், கிடைக்கிற மிகப் பழைய கிரியாட்டினினைத் திகதியோடு முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு வந்த ஒவ்வொன்றையும் அதன் கீழே எழுதுங்கள். நோர்மல் என்ற சொல்லை எழுதாதீர்கள். வால்வு சத்திரசிகிச்சைக்குப் போகிறவருடன் பழைய கொப்பியும் போகட்டும்.

அக்காவின் கணவர் இப்போதும் காண்கிறவர்களிடம் சொல்வது, “கொழும்பில பிழை விட்டிட்டாங்கள்” என்றுதான். உள்ளதைச் சொல்ல ஜெயபுரம் போகவேண்டும் என்று மூன்று தடவை லீவு எடுத்தேன். மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தேன்.