ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆளை இன்னொரு ஆளிடமிருந்து பிரித்துக் காட்டுவதைப் போல் தலைவலி வேறில்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும் "உங்க பேர்ல ஏற்கனவே ஒருத்தர் இருக்காங்களே" என்று கேட்டு முழித்திருக்கிறீர்களா? தப்பு உங்களுடையதல்ல, என்னைப் போன்ற ஒருத்தியுடையது.

மூன்று கமலாதேவி

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மருந்துச்சாலைக்கு, நோயாளர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை கிடைத்தது. பேரை வைத்துத் தேடினால் மூன்று கமலாதேவி. அதில் இரண்டு பேருக்கு அப்பா பேரும் ஒன்று. தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்தில் ஒரு நம்பர் உண்டு. அதையே அடையாளமாக வைத்துவிட்டேன். மருந்துச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டிஸ்பென்சர் ஐயா தயங்கினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மிஸ், அந்த நம்பர் ஆளோடது இல்லீங்க, தோட்டத்தோடது."

செல்வியின் கால்

ஆறு மாதம் கழித்து, ரப்பர் பால் வெட்டுகிற செல்வி காலில் சீழ் பிடித்து வந்திருக்கிறார். நம்பரைத் தட்டியதும் திரையில் அறுபத்திரண்டு வயது, எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்று வந்தது. ஊசியில் பென்சிலின் ஏற்றியாகிவிட்டது. ஐயா திரையைப் பார்த்தார், எதிரே இருந்த இருபத்தாறு வயது முகத்தைப் பார்த்தார், ஊசியைக் கீழே வைத்துவிட்டு விசாரித்தார். சின்ன வயதில் அதே மருந்தால் மூச்சடைத்துப் பிழைத்தவர் செல்வி.

மாமியார் ஓய்வு பெற்றதும் காலியான நம்பரைத் தோட்டம் மருமகளுக்குக் கொடுத்திருக்கிறது. என் ப்ரோகிராம் மாமியாரின் வயதையும் வைத்தியத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. ஐயாதான் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. செல்வி சொன்னதையும் அவர் அப்படியே சொன்னார்.

"நம்பருதாங்கய்யா மாமியோடது, ஒடம்பு என்னோடது."

முப்பத்தாறு எழுத்து

அன்றைக்கே, கம்ப்யூட்டர் தானாக உண்டாக்கும் யூ.யூ.ஐ.டி. என்ற அடையாளத்துக்கு மாறினேன். எழுத்தும் எண்ணும் கோடுமாக முப்பத்தாறு. தோட்டத்தின் நாலு டிவிஷனில் சிக்னலே இல்லாத மேல் டிவிஷனிலும் போன் யாரையும் கேட்காமல் உண்டாக்கிக்கொள்ளும்; உலகத்தில் இன்னொன்றோடு மோதாது. பெருமையாக அட்டையில் அச்சடித்துக் கொண்டுபோனேன். தோட்டத்து மிட்வைஃப் அக்கா ஒன்றைத் தன் புத்தகத்தில் எழுதத் தொடங்கி, பாதியில் பேனாவை மூடினார்.

"இத எழுதி முடிக்கிறதுக்குள்ள புள்ள பொறந்துரும் மிஸ்."

நாலு போன்

எழுத்துகளை மறைத்து க்யூஆர் கட்டமாக்கி, டிவிஷனுக்கு ஒன்றாக நாலு போன் கொடுத்தோம். ஒன்றைத் தயார்செய்து, சோம்பல்பட்டு மற்ற மூன்றுக்கும் அப்படியே காப்பியடித்தேன். வேகத்துக்காக அதில் முன்கூட்டியே உண்டாக்கி வைத்திருந்த அடையாளங்களும் சேர்ந்தே காப்பியாகின. செல்விக்கு மேல் டிவிஷனில் கிடைத்ததே கீழ் டிவிஷனில் ஒரு கைக்குழந்தைக்கும் கிடைத்தது. இரண்டு பதிவும் ஒன்றாகியிருந்தால் செல்வியின் "பென்சிலின் ஆகாது" என்ற வரி அழிந்திருக்கும்.

அழியவில்லை. ஒரே அடையாளம் இரண்டு தரம் வந்தால் ஏற்காதே என்று எங்கள் ஆபீஸ் சிங்களத் தம்பி நிமல் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். வீண்வேலை என்று நான் கிண்டலடித்த வரி. அவனிடம் போய் நன்றி சொன்னேன். அவன் சிரித்தான்.

"அக்கே, மெஷின் மோதாதுதான். காப்பியடிச்சது நீங்கதானே?"

புது அட்டை

நாலு போனையும் துடைத்துத் திரும்பத் தயார்செய்து, செல்வியின் அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரையில் இருபத்தாறு வயதும், சிவப்பில் "பென்சிலின் ஆகாது" என்பதும் வந்தன. இடுப்பில் இரண்டு வயது மகனோடு நின்று அதை வாசித்தவர், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் வேலைய விட்டா, இத என் மருமகளுக்குக் குடுத்துற மாட்டீங்களே மிஸ்?"

நான் எழுதிய மென்பொருள் இதுவரை ஒரு உயிரையும் வாங்கவில்லை என்பதில் என் பங்கு ரொம்பக் கொஞ்சம்.